மூணாவது வண்டி

பார்வதிபுரம் பாலம் ஏறியதுமே
மேப்புக்காரிக்குக் குழப்பம்.
நாங்கள் பாலத்து மேலேயா கீழேயா என்று
அவளுக்குப் பிடிபடவில்லை.
நடுப்பாலத்தில் "இடதுபுறம் திரும்பவும்" என்றாள்.
பெனட் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.
போனைப் பிடித்திருப்பது நான்;
வழி தப்பினால் என் தலை.

அழகியமண்டபத்தை அவள்
ஏதோ வெளிநாட்டு ஊர்போல உச்சரிக்க,
பின்சீட்டில் அபிஷாவும் ஜோஷ்வினும்
அதே மாதிரி சொல்லிச் சொல்லியே
வேர்கிளம்பி வரை வந்துவிட்டார்கள்.

ஷைனி ஜன்னலோரம்.
அவள் மடியிலும் ஒரு போன்.
அதற்குள் நாங்கள் ஒரு புள்ளி.
மஸ்கட்டில் ரெஜின், பெனட்டின் தம்பி,
வேலைக்கு நடுவே அந்தப் புள்ளியோடு
கூடவே வந்துகொண்டிருக்கிறான்.
"தக்கலையில ஏன் நின்னிய?"
பெட்ரோல், என்று அனுப்பினாள்.
"பதினோரு நிமிஷமா?"
ஜோஷ்வினுக்கு மூத்திரம், என்று அனுப்பினாள்.
மாத்தூர் தொட்டிப்பாலத்தில்
தண்ணீர் போகும் தொட்டியை ஒட்டி நடந்தபோது
"ரோட்ட விட்டு விலகி நிக்கிறியளே" என்று வந்தது.
படம் எடுத்து அனுப்பினாள்,
தன் முகமும் பாலமும் தெரிய.

திற்பரப்புக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான்.
நீலக்கோடு திடீரென்று நேர் ரோட்டை விட்டு
ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கியது.
"நாலு நிமிஷம் மிச்சம்" என்றேன்.
அந்த நாலு நிமிஷத்தை வைத்து
என்ன செய்வோம் என்று யாரும் கேட்கவில்லை.

தார் தீர்ந்தது. செம்மண். பிறகு
நடுவில் புல் முளைத்த இரண்டு சக்கரத்தடம்.
கதவில் கம்பு உரசும்போதெல்லாம்
பெனட் பல்லைக் கடித்தான்.
"நேராகச் செல்லவும்" என்றாள் மேப்புக்காரி,
அதோடு வாயை மூடிக்கொண்டாள்.
நேராகச் சென்றோம்.
ஒரு வீட்டு முற்றத்தில், கொடியில் காயும்
ரப்பர் ஷீட்டுகளுக்கு முன்னால் போய் நின்றோம்.

நைட்டிமேல் துண்டு போட்ட ஒருத்தி
பால்வாளியோடு வந்தாள். திகைப்பே இல்லை.
"மேப்பு பாத்து வந்தியளா?
இன்னைக்கு நீங்க மூணாவது வண்டி.
கோழிக்கூட்ட அங்கோட்டு மாத்திப் போட்டிருக்கேன்,
திருப்பணுமில்லியா."
தங்கபாய் என்று பெயர் சொன்னாள்.

எட்டு தடவை முன்னும் பின்னும் எடுத்தான் பெனட்.
பிள்ளைகள் "வரட்டும், வரட்டும்" என்று கத்த,
மரத்தில் கட்டிய சிரட்டை ஒன்று போயிற்று.
"போட்டும்" என்றாள் தங்கபாய்.
அவித்த மரச்சீனியும் காந்தாரிமுளகு சம்மந்தியும்
ஒரே தட்டில் எல்லாருக்கும் வந்தது.

"இங்க டவர் கிட்டாதா?" ஷைனிதான் கேட்டாள்.
"ஒரு கம்பெனியும் கெடையாது.
அந்தப் பாறமேல ஏறினா ஒரு கோடு வரும்.
ஏறுதியளா?"
ஷைனி பாறையைப் பார்த்தாள்.
போனைக் கவிழ்த்து வைத்தாள்.
செருப்பைக் கழற்றினாள்.
இரண்டாம் முறை மரச்சீனி கேட்டு வாங்கினாள்,
காரத்தில் கண்ணில் தண்ணீர் வர, ஆவென்று வாயை ஊதி,
கல்யாணம் ஆன நாலு வருஷத்தில்
நான் கேட்டிராத ஒரு சிரிப்பு.

"கனால்கரை பிடிச்சுப் போங்க.
குருசடி கண்டா சோத்தாங்கைப் பக்கம்.
மஞ்ச டேங்கு வந்தா ரோடு வந்தாச்சு."
ஆளுக்கு ஒன்றாய் மனசில் வைத்தோம்:
எனக்குக் கனால், அபிஷாவுக்குக் குருசடி.
டேங்கைக் கண்டதும் ஜோஷ்வின்
சீட்டில் எழும்பி நின்று கூவினான்.

ரோட்டில் ஏறியதும் ஷைனியின் போன்
ஒன்பது தடவை அதிர்ந்தது.
மஸ்கட்டில் நாங்கள்
நாற்பது நிமிஷம் காட்டுக்குள் அசையாமல் நின்றிருக்கிறோம்.
கடைசிச் செய்தியில் எழுத்தே இல்லை,
கேள்விக்குறி மட்டும்.

கட்டைவிரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.
"வழி தப்பிட்டு" என்று அனுப்பினாள்.
பிறகு என் தோளைத் தொட்டு, மெதுவாக:
"மைனி, திரும்பி வரும்போதும்
இந்த வழிதானே காட்டும்?"

பார்த்தேன்.
இப்போது நேர் ரோடுதான்
நாலு நிமிஷம் மிச்சமாம்.