நூல்கோனுக்கு எழுபத்தாறு

குமரன் ரோட்டில் கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் இருபது மணிக்கட்டுகள்,
ஒன்றுக்கும் கையில்லை.

"நடக்கறதுக்குங்களா, ஓடறதுக்குங்களா?"
பையன் சட்டையில் பேர் குத்தியிருந்தது: தரணி.
நடக்கத்தான்.
சர்க்கரை வாசற்படி வரைக்கும் வந்து நிற்கிறது,
உள்ளே விட்டுடாதீங்க என்றார் டாக்டரம்மா.
எத்தனை துடிக்கிறது, எத்தனை கலோரி எரிகிறது,
நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.

முதலில் வாட்ச்.
அடிவயிற்றில் பச்சை விளக்கு,
மின்மினியைக் குப்புற ஒட்டினதுபோல.
தோலுக்குள் ரத்தம் போகிற நிழலை எண்ணுமாம்.
தூக்கம் எண்ணும், படி எண்ணும்,
மழை வருமா என்றும் சொல்லும்.
எட்டாயிரத்து நானூறு.
கட்டினேன். எண்பத்து நாலு.
கையை ஆட்டினேன். நூற்றுப் பத்து.
நின்ற இடத்தில்தானே நிற்கிறேன் தம்பி?
"கொஞ்சம் லூசாக் கட்டிட்டீங்க்கா."

பத்தொன்பது வருசமாக
எனக்குச் சோறு போடுவது சந்தேகம்.
பனியன் கம்பெனி, எலாஸ்டிக் செக்கிங்.
ரோல் ரோலாக வரும். நம்பாமல் பார்ப்பேன்.
பையிலிருந்து நூல்கோனை எடுத்தேன்
(சாயங்காலம் டையிங்கில் காட்ட வேண்டிய சாம்பிள், மயில் நீலம்),
வாட்சைக் கழற்றி அதன் இடுப்பில் கட்டினேன்.

பச்சை விளக்கு கொஞ்ச நேரம் யோசித்தது.
பிறகு,
எழுபத்தாறு.

கோன் சௌக்கியமாக இருக்கிறது.
என்னைவிட எட்டு குறைச்சல்.
தரணிக்குச் சிரிப்பு வந்தது,
ஓனர் இருக்கும் பக்கம் பார்த்துவிட்டு
அதை மடித்து வைத்துக்கொண்டான்.
"வேற ஒண்ணு இருக்குதுங்க்கா. யாரும் கேக்கறதில்ல."

நெஞ்சுப் பட்டை.
நேரம் காட்டாது. படி எண்ணாது. அழகுமில்லை.
மார்புக்குக் கீழே ஒரு சுற்று,
துடிப்பின் மின்சாரத்தைத் தொட்டெடுத்துப்
போனுக்கு அனுப்பும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
நாலாயிரத்து இருநூறு.
கோனில் சுற்றினேன். எண் வரவில்லை,
இரண்டு கோடு மட்டும்.
தெரியாததைத் தெரியாது என்கிற சாமானை
அப்போதே பாதி வாங்கிவிட்டேன்.

மீதிப் பாதி எலாஸ்டிக்.
முப்பது எம்எம்.
இழுத்தேன், விட்டேன், இழுத்தேன், விட்டேன்.
அளவுக்குத் திரும்புகிறது. ஓரத்தில் அலை இல்லை.
வியர்வைக்கு ரப்பர் எத்தனை மாசம் தாங்கும்
என்று பெட்டியில் போடவில்லை, நான் சொல்வேன்:
பதினாலு, துவைத்து நிழலில் காயப்போட்டால்.
மேலே எந்த நாட்டுப் பேரோ இருந்தது.
பட்டையை எங்கள் ஊரிலேயே
எவளாவது பார்த்து அனுப்பியிருக்கலாம்.
நல்லாத்தான் பார்த்திருக்கிறாள்.

"காஞ்சிருந்தா எடுக்காதுங். தண்ணி தொட்டுக் கட்டோணும்."

வீட்டில் போன் கேட்டது: வயது. நாற்பத்தாறு.
எடை. மூன்று கிலோ குறைத்துப் போட்டேன்.
பிளஸ் மைனஸ் அஞ்சு சதம்
யாருக்கும் தருகிறதுதானே.

விடியக்காலை ஆண்டிபாளையம் குளத்தோரம்.
மேட்டில் நூற்று இருபத்தொன்று.
நாய் துரத்தியபோது நூற்று நாற்பத்தெட்டு
(அதை எழுதவில்லை).
ஒரு மணி நேரத்துக்கு இருநூற்றுப் பதினாறு கலோரி.
வந்து அரிசிம்பருப்புச் சோறு.
சென்னியப்பன் தட்டை எட்டிப் பார்த்துக் கணக்குப் போட்டார்:
"நெய்யிக்கே சரியாப் போச்சு, கருணாம்பிகை."

செவ்வாய்க்கிழமை கழற்ற மறந்து வேலைக்குப் போய்விட்டேன்.
பதினொன்றரைக்கு பையர் இன்ஸ்பெக்சன்.
நான் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.
என் கையெழுத்துப் போட்ட ரோலை அந்த ஆள்
இழுத்தான்,
விட்டான்,
மறுபடி இழுத்தான்.

மடியில் போன் அதிர்ந்தது.
நூற்று முப்பத்து மூன்று.
உடற்பயிற்சி தொடங்கியதுபோல் தெரிகிறது,
பதிவு செய்யட்டுமா?

செய் என்று அழுத்தினேன்.

நாற்பது நிமிசம். நூற்று நான்கு கலோரி.
டாக்டரம்மா நோட்டில்
'நடை' என்கிற கட்டத்தில் எழுதியிருக்கிறேன்.
வேறு கட்டம் இல்லை.