வசூல் பிரிவு, மூன்றாம் மாடி

ஆறேகாலுக்குச் சாட்ஸ்வொர்த்தில் டாக்சி ஏறியதும்
ஜெபித்து முடித்துவிடுவேன்.
பிறகு நேரம் கிடைக்காது.
ஓட்டுநர் பிரேக் போடுகிற இடங்களில்
ஆமென் இரண்டு மூன்று முறை வந்துவிடும்.

பெயர் மாற்றிய பிறகும் டர்பன்
வெஸ்ட் தெரு என்றே சொல்லும் தெருவில்
எங்கள் அலுவலகம்.
என் பெயர் லவீனியா படையாச்சி.
தொலைபேசியில் நான் லிண்டா.
ஆத்திரத்தில் சபிக்கிறவர்கள்
லிண்டாவைத்தான் சபிக்கிறார்கள்,
சம்பளம் எனக்கு வருகிறது.

நாளொன்றுக்கு நூற்றிருபது அழைப்பு.
சோபா பாக்கி, சீருடை பாக்கி,
தகப்பன் கல்லறைக்கு வைத்த கல்லின் பாக்கி.
சொல்ல வேண்டியது திரையில் இருக்கிறது.
கனிவான குரலில் வாசிக்க வேண்டும்
(அதற்கு அரைநாள் பயிற்சி தந்தார்கள், மதியச் சாப்பாட்டோடு).

ஒரு செவ்வாய்க்கிழமை, திரு. ம்சோபே.
உம்லாசி. குளிர்ப்பெட்டி. 2,316 ராண்ட்.
தகரத்தில் மழை விழும் சத்தத்துக்கு மேலே பேசினார்:
"வெள்ளம் சுவரோடு கொண்டுபோய்விட்டது, மகளே.
கதவு மட்டும் ஆற்றோரம் கிடைத்தது.
அதில் ஒட்டிய காந்த மீன் விழவே இல்லை.
கதவைக் கொண்டுவந்து தரட்டுமா?
எவ்வளவு கழிப்பீர்கள்?"

அதில் கேலி இல்லை. விலை கேட்டார்.

திரையில் தேடினேன்.
கட்டுவதாகச் சொன்னார், ஒரு பொத்தான்.
மறுத்தார், ஒரு பொத்தான்.
இறந்துவிட்டாருக்குக்கூட உண்டு, சான்றிதழ் எண் கேட்கும்.
மன்னிக்க ஒன்றும் இல்லை.
'எண் தொடர்பில் இல்லை' என்பதை அழுத்தினேன்.
முப்பது நாளைக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள்.

இரக்கம் என்று பெயர் வைத்துப் பார்த்தேன்.
பொய் பொய்யாகவே இருந்தது.

வீட்டில் ஆங்கிலம்தான்.
மாதத்தின் முதல் ஞாயிறு, ஏழரை ஆராதனை மட்டும் தமிழ்.
மகன் ஜாரெட் வாயை அசைப்பான், சத்தம் வராது.
ஆண்டவர் கற்றுத்தந்த ஜெபத்தை
ஆங்கிலத்தில் சொன்னால் அந்த இடத்தில்
அத்துமீறல் என்று வரும்.
யார் வேலியையும் நான் தாண்டியதில்லை,
நிம்மதியாகச் சொல்லிவிடலாம்.
தமிழில் கடன் என்றே இருக்கிறது.
நேர்த்திக்கடன், காலைக்கடன், பெற்ற கடன்,
எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்ட பாஷை
என் மூன்றாம் மாடியையும் சேர்த்துக்கொண்டது.
அந்த வரியில் இருமினேன்.

முன்வரிசையில் மூன்று பேருக்கு
எங்கள் கடையில் பாக்கி உண்டு.
யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கையெழுத்திட்டிருக்கிறேன்.
சமாதானம் சொல்லிக் கை கொடுத்தபோது
அவர்களில் ஒருத்தி
கையை விடாமல் என் முகத்தைப் பார்த்தாள்.
குரலை எங்கோ கேட்டமாதிரி.
நான் குனிந்து ஜாரெட்டின் ஷூ நாடாவைக் கட்டினேன்.
அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

அன்றிரவு மின்வெட்டு.
கைபேசி வெளிச்சத்தில் எங்கள் ஒப்பந்தத்தை வாசித்தேன்,
எட்டு வருடத்தில் முதல் தடவையாக.
பதினொன்றாம் பக்கம், எறும்பு எழுத்து:
ஒவ்வொரு தவணையிலும் காப்பீட்டுக்கு ஒரு பங்கு.
தீ, திருட்டு, வெள்ளம்.
வாடிக்கையாளர் தாமே கேட்டால் ஒழிய
சொல்ல வேண்டியதில்லை.

முப்பத்தொன்றாம் நாள்
அவர் எண் பட்டியலின் தலையில் நின்றது.
இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று
இயந்திரம் சொல்லி முடித்தது.
"லவீனியா பேசுகிறேன்," என்றேன்.
பக்கத்து மேசை அசூர்தீன் ஒரு காதிலிருந்து ஹெட்செட்டை நகர்த்தினான்.
"ஐயா, என்னிடம் ஒரு கேள்வி கேளுங்கள்.
காப்பீடு உண்டா என்று கேளுங்கள்."

வெகுநேரம் சத்தமில்லை. சேவல் ஒன்று கூவியது.
பிறகு கேட்டார்.
படிவ எண்ணைச் சொன்னேன்.
பேனா எடுத்து வருகிறேன் என்று போனார்.

காத்திருப்பு நேரம் திரையில் சிவப்பாக ஓடியது,
நான்கு நிமிடம், ஐந்து.
ஓடட்டும் என்று விட்டேன்.