ஒன்பதாம் மணி

வாடிப்பட்டி மில்லில் உமிச்சாம்பல்
மூட்டை இருபது ரூபாய்.
காரத்தில் காய்ச்சி, சோப்பு மூலக்கூறுகளை நடுவில் நிறுத்தி,
அமிலம் சொட்டுச் சொட்டாய் விட்டு,
பிறகு சோப்பை எரித்துவிட்டால்
அது இருந்த இடமெல்லாம் துளை.
வெள்ளை வெளேரென்று ஒரு மாவு.

ஒரு கிராமின் உட்சுவர்களைப் பிரித்து விரித்தால்
இருபது சென்ட் நிலம் வரும்.
புதூர் விலைக்கு அது எவ்வளவு போகும் என்று
ஆய்வகத்தில் எல்லோருமே ஒருமுறை
கணக்குப் போட்டிருக்கிறோம்.

அந்த இருபது சென்ட்டில் நான் குடிவைப்பது
நிலவேம்பின் கசப்பை.
கீழமாசி வீதியில் கட்டாக வாங்கி
நிழலில் உலர்த்தி, மெத்தனாலில் ஊறவைத்து
மூன்று மாதம் மன்றாடி எடுத்த படிகம்.
தண்ணீரில் கரையமாட்டேன் என்கிறது.
விரலை எத்தனை முறை கழுவினாலும்
மதியச் சோற்றில் இருக்கிறது.

முதல் தடவை
இரண்டே மணி நேரத்தில் எண்பது சதவீதம் வெளியே.
உதவித்தொகை வந்த வாரத்தின்
என் கைக்காசு போல.
இறால் ஓட்டுப் பசையால் துளைகளுக்குக் கதவு வைத்தேன்.
ஒரேயடியாக இறங்கிவிடாதே,
நின்று நின்று போ.

எதிர்சேவை இரவு.
அழகர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்,
தல்லாகுளத்தில், எங்கள் மதிலுக்கு வெளியே,
மண்டகப்படி மண்டகப்படியாக.
உள்ளே மூன்று குழாய்கள், முப்பத்தேழு டிகிரி,
மணிக்கு ஒரு மில்லி எடு,
எடுத்த அளவு திருப்பி ஊற்று.
மாலை நாலுக்குத் தொடங்கியது.
ஒரு மணிக்கு ஒன்பதாவது மாதிரி.

பன்னிரண்டு பத்துக்கு மின்சாரம் போனது.
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கச் சொல்லி
மூன்று கடிதம் எழுதியிருக்கிறோம்.
குளியல்தொட்டி ஆறுகிறது,
முப்பத்தாறு, முப்பத்தைந்தரை.
இந்தக் கட்டடத்தில் முப்பத்தேழு டிகிரியில் இருப்பது
இனி நான் மட்டும்தான்.
இரண்டு குழாய்களை இரண்டு அக்குளில் வைத்தேன்.
மூன்றாவதுக்கு எனக்கு உடம்பு இல்லை.

வாட்ச்மேன் ஒச்சு வந்தான், டார்ச்சோடு.
என்னைவிட இரண்டு வயது சின்னவன்,
உசிலம்பட்டிப் பக்கம்.
ஏன் எதற்கு என்று கேட்காமல்
காக்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
ஸ்டூலில் உட்கார்ந்தான்,
ஆடாமல், முட்டை அடைகாக்கிற மாதிரி.
வெளியே வேட்டு. கோவிந்தா கோஷம்.
"சாமி பார்க்கப் போகலியா மேடம்?"
"இது முடியணும்."
"எனக்கும் டூட்டி முடியணும்."

ஒரு மணிக்கு எடுத்தேன்.
என் இரண்டு குழாயும் நாற்பத்தொன்று சதவீதம்.
(மின்சாரம் வந்த பிறகு அளந்து பார்த்தது.)
அவனுடையது நாற்பத்தெட்டு.
பிப்பெட்டைச் சந்தேகித்தேன், பசையைச் சந்தேகித்தேன்,
கண்ணாடிச் செல்லை இரண்டு முறை துடைத்தேன்.
பிறகுதான் குழாயை வாங்கும்போது
அவன் விரல் சுட்டது ஞாபகம் வந்தது.

"மேலுக்கு முடியல, ரெண்டு நாளா.
லீவு போட்டா சம்பளம் பிடிப்பாங்க."
குழாயைக் காட்டினான்.
"காய்ச்சலுக்குத்தானே இது?
ஒரு மொடக்கு குடிச்சா என்ன?"

எலிக்கே இன்னும் கொடுக்கவில்லை, ஒச்சு.
எலிக்குப் பிறகு முயல், முயலுக்குப் பிறகு கமிட்டி,
கமிட்டிக்குப் பிறகு பன்னிரண்டு வருடமோ பதினைந்தோ.
இதையெல்லாம் சொல்லவில்லை.
கைப்பையில் பாராசிட்டமால் அட்டை இருந்தது,
கீழே விழுந்து ஓரம் உடைந்த ஒன்று, முழுசாக ஒன்று.
முழுசைக் கொடுத்தேன்.

"ஒன்பதாம் மணியில் மட்டும்
பிழைக்கோடு ஏன் இவ்வளவு உயரம்?"
செண்பகவல்லி மேடம் சிவப்புப் பேனாவை மூடாமல் கேட்டார்.
மின்தடை என்றேன்.
திரும்பச் செய் என்றார்.

வைகாசியில் திரும்பச் செய்தேன்.
மின்சாரம் போகவில்லை, வளைகோடு வழுக்கிக்கொண்டு போனது,
கட்டுரைக்கு அதுதான் போகிறது.

பழைய மூன்றாவது குழாய் இன்னும் ஸ்டாண்டில் இருக்கிறது.
அதில் மார்க்கரால் 'ஒ' என்று எழுதியிருந்தேன்.
புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள்
ஒன்பது என்று வாசிக்கிறார்கள்.