பத்தாவது அட்டவணை

மூணு மணிக்கு
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
களியலுக்கு மேலே ரப்பர் காட்டுக்குள் ஏறுவேன்.
இடது காதில் பாட்டு.
வலது காது பன்றிக்கு,
பாம்புக்கு,
சருகில் நானல்லாத எதற்கும்.

முந்நூற்று நாற்பது மரம்.
மரத்துக்கு ஒரு கேள்வி என்பது கணக்கு.
குரூப் நாலு, இது மூணாவது தடவை.
சட்டைப்பையில் துண்டுச்சீட்டு.
வெட்டுமுன் ஒருக்கா பார்ப்பேன்,
பால் சிரட்டைக்கு வந்து சேருமுன்
அது மண்டைக்கு வந்து சேரணும்.

வாக்குரிமை வயது பதினெட்டு, அறுபத்தொன்றாம் திருத்தம்.
பஞ்சாயத்து, எழுபத்து மூன்று.
கட்சித் தாவலுக்குத் தடை, பத்தாவது அட்டவணை
என்று சொல்லி வாய் மூடுமுன்
காதுக்குள் ஒருத்தி,
மழை நின்ற பிறகும் குடையை மடக்காமல் நிற்கிறேன்
என்று பாடிவிடுவாள்.
சரணம் முடியும்போது
கட்சி தாவியவன் யார்
குடை பிடித்தவள் யார்
எனக்குத் தெரியாது.

ஆம்புலன்ஸ் ஓட்டும் பெர்ஜின் சொன்னான்:
"வார்த்தை உள்ள பாட்டு படிப்புக்கு ஆவாது மக்கா.
ஒரே வாசல்ல ரெண்டாளு நொழைஞ்ச மாதிரி.
மேளம் கேளு."
அவனே அனுப்பித் தந்தான்
நாற்பது நிமிஷம் சிங்காரி மேளம்.

முதல் பத்து மரம் சுகம்.
செண்டை விழும் இடத்தில் கத்தி விழுந்தது,
பட்டை சுருள் சுருளாகச் சரிந்தது,
சட்டப் பிரிவுகள் வரிசையில் நின்றன.
அப்புறம் காலம் ஏறியது.
கையும் ஏறியது.
பட்டையைத் தாண்டி
தடியைத் தொட்டதுகூடத் தெரியாமல்
அடுத்த மரம், அடுத்த மரம்.

விடிந்ததும் சூப்பர்வைசர் கிறிஸ்துதாஸ்
காயங்களை விரலால் தடவி எண்ணினார்.
ஏழு.
"எங்கடே பாத்து வெட்டினே?"
மேளத்தைப் பார்த்து என்றா சொல்ல முடியும்?

அதற்குப் பிறகு ஒரு மாதம்
ரெண்டு காதும் காட்டுக்கு.
கத்தியின் கிறீச்சு,
தகரத்திலிருந்து சொட்டு,
தூரத்தில் முதல் பஸ் கியர் மாற்றுவது.
அந்த மாதம் படித்ததுதான் படிப்பு என்று
எனக்கு நானே மார்க் போட்டுக்கொண்டேன்.

மார்த்தாண்டத்துப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை.
ஆறாங்கிளாஸ் பெஞ்சு, முழங்கால் இடித்தது.
அந்தச் சுத்தமான மாதத்தைத் தேடினேன்.
கழுவிக் கவிழ்த்த சிரட்டைபோல இருந்தது.
நகராட்சி எழுபத்து நாலா,
எழுபத்தாறா,
ஒரு சொட்டு விழவில்லை.

வினா நூற்றுப் பதினெட்டு.
கட்சித் தாவல்.
குடையோடு வந்தாள் அவள்,
மழை நின்ற பிறகும் மடக்காமல்.
அவளுக்குப் பின்னால்
பதினொன்றாம் மரம், அதன் வளைந்த தகரம்,
அன்றைக்கு உறுமிய பன்றி,
எல்லாவற்றுக்கும் கடைசியில்
பத்தாவது அட்டவணை.
கறுப்புப் பேனாவால் வட்டத்தை நிரப்பினேன்.
காயம்பட்ட மரங்களும் வந்தன,
ஏழில் ஐந்து,
ஆளுக்கொரு விடையோடு.

முடிவு இன்னும் வரவில்லை.
இன்றைக்கு மழை, வெட்டு கிடையாது.
ஷைனிமோள் சாளை உரசிக்கொண்டே
அந்தப் பாட்டை முனகுகிறாள்.
கல்யாணத்துக்கு முன்னால்
நான்தான் அவளுக்கு அனுப்பியது.
குடை வரும் இடத்தில் நிறுத்தி
என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
உள்ளே ஓடிக்கொண்டிருந்தது,
ஐம்பத்திரண்டாம் திருத்தம்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து.