ஒரு வரி இடம்

கதையில் அதற்கு உடல் இல்லை.
இருவர் பேசிக்கொண்டிருக்கையில்
ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குமுன்
ஒரு சந்து திறக்குமே, அங்கேதான் அது குடியிருக்கும்.
எந்தக் கோளிலிருந்து வந்தது என்று நான் எழுதவில்லை.
வாயாடிகள் வீட்டில் பட்டினி கிடக்கும்,
கோபித்துக்கொண்ட தம்பதியிடம் கொழுக்கும்
என்று மட்டும் எழுதினேன்.
ஆறு பக்கம். ஆண்டிறுதிக் கணக்கு முடித்து வந்து
செந்தூல் அடுக்ககத்தின் பதினோராம் மாடியில்
வாஷிங் மெஷின் ஓட ஓட.

மூன்றாம் பக்கத்தில், அது முதன்முதலாய் வரும் இடத்தில்,
ஒரு வரி வெறுமையாக விட்டிருந்தேன்.
இதழ் வந்தது. வெறுமை இல்லை.
அச்சுக்கோத்தவர் நல்ல மனிதர்.
மருந்துக்கடை விளம்பரத்துக்கு இடம் போதாமல்
கீழே இருந்ததை ஒரு வரி மேலேற்றிவிட்டார்.
வேற்றுலகவாசி வராமலே
வெளியானது என் வேற்றுலகக் கதை.
அருமையான குடும்பச் சித்திரம் என்று
தைப்பிங்கிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்.

அந்தக் குடும்பச் சித்திரத்தைத்தான்
தொலைக்காட்சிக்காரர்கள் கேட்டார்கள்.
இருபத்திரண்டு நிமிடம், நடுவில் இரண்டு விளம்பரம்.
வேற்றுலகவாசி உண்டு என்று நான்தான் சொல்லித் தொலைத்தேன்.
பூச்சோங்கில் வரைகலை செய்யும் வெய் ஜியே
மலாயில் கேட்டான்:
"காக், அதுக்கு எத்தனை கண்?"
கண் இல்லை என்றேன்.
"வால்?"
முந்நூறு ரிங்கிட்டுக்கு அவனால் முடிந்தது
பச்சையாய், ஈரமாய், முக்கால்வாசி பல்லியாய்
சைபர்ஜெயா அலுவலகச் சுவரில் ஏறிற்று.
ஏறியதோடு விட்டதா, பேசியது.
என் பிராணி, பேச்சு நின்றால்தான் மூச்சுவிடும் பிராணி,
"பூமியின் மக்களே" என்று தொடங்கி
ஒன்றரை நிமிடம் பேசியது.
படத்தொகுப்பாளரோ வசனங்களுக்கு நடுவே
நடிகர்கள் எச்சில் விழுங்கிய இடமெல்லாம் கத்தரித்து
பதினேழு நொடி மிச்சம் பிடித்திருந்தார்.
"எப்படிப் பறக்குது பாத்தீங்களா?"
பார்த்தேன்.

நாடகமாக்கியவர் சர்வேந்திரன்.
பிரிக்பீல்ட்ஸில் ஒரு சங்கத்தின் மாடி மண்டபம்,
இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஓடாத ஒரு மின்விசிறி.
பல்லி கிடையாது என்று சத்தியம் செய்தார், காப்பாற்றினார்.
ஆனால் மௌனத்துக்குப் பயந்தார்.
"அஞ்சு விநாடி சத்தம் இல்லன்னா
நம்ம ஆளுங்க கைப்பேசிய எடுத்துருவாங்கலா."
எனவே புல்லாங்குழல்.
யார் வாய் மூடினாலும் அது திறந்தது.

மூன்றாம் நாள், சனிக்கிழமை.
நாலு மணி மழை ஐந்தரைக்கே ஓய்ந்திருந்தது.
எண்ணினேன்: இருபத்தேழு பேர்,
அதில் ஒன்பது நடிகர்களின் உறவு.
மனைவியாக நடித்த தயாளினி
"என்னைக்காவது என்னைக் கேட்டிருக்கீங்களா?" என்றாள்.
கணவனாக நடித்த குணாளனுக்கு
அடுத்து நாலு வரி வசனம்.
மறந்துவிட்டான்.
குழல்காரன் கழிவறையில்.
திரைமறைவிலிருந்து முதல் சொல்லைக் கிசுகிசுத்தார்கள்,
அவனுக்கு எட்டவில்லை.
தயாளினி அவன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
வெளியே ஒரு மோனோரயில் கடந்து போனது.
பிறகு அதுவும் இல்லை.




முன்வரிசையில் ஒருவர் கைப்பேசியை எடுத்தார்.
முகத்தில் வெளிச்சம் விழுந்ததும்
யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல்
சட்டென்று கவிழ்த்து வைத்தார்.

இரவு மாமாக் கடையில்
குணாளன் கண் கலங்க மன்னிப்புக் கேட்டான்.
இனித் தவறாது என்றான்.
சொல்லியிருக்கலாம் நான்.
தே தாரிக்கில் ஆடை படிந்தது,
ரொட்டி தட்டுகிறவர் ஓர் உருண்டை மாவு முடித்தார்,
சொல்லவில்லை.

ஞாயிறு, கடைசிக் காட்சி. அரங்கு நிறைந்தது.
அவன் ஒரு சொல்லும் விடவில்லை.

இதை அச்சுக்கோப்பவருக்கு:
மேலே, மோனோரயிலுக்கும் முன்வரிசைக்கும் நடுவே
இருப்பது பிழையல்ல.
இடம் போதாவிட்டால்
என் பெயரை எடுத்துவிடுங்கள்.