சாய்கோடு

சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில்
மின்விசிறி இருந்தது, சுற்றவில்லை.
ஜெயவேலு சார் என் பழைய அட்டையைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"விக்னேஸ்வரி ஏ/பி ரெங்கன்.
ஏ.பி.ன்னா இன்னாம்மா, ஆந்திராவா?
சித்தூர்ப் பக்கமா நீ?"

இல்லை சார், மலேசியா.
அனாக் பெரம்புவான்.
மலாயில் மகள் என்று அர்த்தம்.
அங்கே எங்கள் பேருக்கும் அப்பா பேருக்கும் நடுவே
அரசாங்கமே போட்டுத் தரும்.
"அப்போ இனிஷியல் கிடையாதா?"
கிடையாது.
இதை எழுத எந்தப் படிவத்திலும் கட்டமில்லை என்று
நிஜமாகவே வருத்தப்பட்டார் அவர்.

ஏழு வருடம் காட்பாடியில் இருந்ததற்கு
ஏழு வருட கேஸ் ரசீது.
சீதியவான் கடையில் ஏழுமலை ரொட்டி வீசும்போது
நான் எடுத்த படம் ஒன்று,
அதை யாரும் கேட்கவில்லை, நானாக வைத்தேன்.
பேப்பரில் விளம்பரமும் வந்தது,
வீட்டுமனை விற்பனைக்கும்
கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில்:
இன்னார் குடியுரிமை கோருகிறார்,
ஆட்சேபம் இருப்போர் எழுதலாம்.
ஒருவரும் எழுதவில்லை.
அதுவும் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

விசாரணைக்கு வந்த போலீஸ்காரர்
எதிர்வீட்டு ஷமீமைக் கேட்டார், ஆள் எப்படி என்று.
"நல்ல மாதிரிதான்.
வந்த புதுசுல பசியாறிட்டீங்களான்னு கேப்பா,
நாங்க சிரிப்போம். இப்போ புள்ளய
துன்னியாடான்னுதான் கேக்குறா.
கொழாத் தண்ணி வந்தா மட்டும்
ரெண்டு கொடம் கூடப் புடிப்பா,
கேட்டா சண்டைக்கு வருவா."
எழுதிக்கொண்டு போனார்.
எனக்கு அன்றைக்கே கிடைத்துவிட்டது என்று
இப்போது தோன்றுகிறது.

பூர்வீகம்?
தாத்தாவின் அப்பா கப்பலேறியது
வடாற்காடு ஜில்லாவிலிருந்து.
ஊர்ப் பேர் அப்பாவுக்கே தெரியாது.
"அந்த ஜில்லாவே இப்ப இல்லியேம்மா.
வேலூரா, திருவண்ணாமலையா,
ராணிப்பேட்டையா, திருப்பத்தூரா, எத்தப் போட?"
எதையாவது போடுங்க சார்.
"எத்தயாவதுலாம் போட முடியாது."
கட்டத்தில் சின்னதாக ஒரு கோடு கிழித்தார்.

பிறகு சென்னை.
தூதரகத்துப் பெண் பாஸ்போர்ட்டின் மூலையைக்
கத்தரித்தாள். நகம் வெட்டுகிற சத்தம்.
அட்டையையும் எடுத்து வைத்துக்கொண்டாள்.
ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன்.
இனித் தேவைப்படாதே அக்கா என்றாள்
மலாயில், மரியாதையாக.
ராத்திரி காட்பாடியில் இறங்கியபோது
நான் எந்த நாட்டுக்காரியும் இல்லை.
டிக்கெட் மட்டும் இருந்தது.
அதைக்கூட யாரும் கேட்கவில்லை.

உறுதிமொழி படிக்கிற நேரம் கரண்ட் போனது.
ஜன்னல் பக்கம் தாளைச் சாய்த்துப் படித்து முடித்தேன்.
கலெக்டர் மீட்டிங்கில் இருந்தார்.
சான்றிதழ் நாலு நாள் கழித்து வந்தது:
விக்னேஸ்வரி, க/பெ ஏழுமலை.
அப்பா கீழே ஒரு கட்டத்தில் இருக்கிறார்,
எழுத்துப் பிழை இல்லாமல்.
பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அப்பா பால்மரம் வெட்டியவர்.
விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
பட்டையில் சாய்வாக ஒரே கீறல்.
ஆழமாய்ப் போனால் மரம் கெடும்,
மேலோடு போனால் பால் வராது.
அடுத்த முறை
பழைய வெட்டுக்கு மயிரிழை கீழே
அதே சாய்வில் இன்னொன்று.
கைக்குத் தெரியும் என்பார்,
கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை.

பஸ்ஸில் மறுபடி பிரித்துப் பார்த்தேன்.
அந்தப் பக்கம் எழுத்து மாறியிருந்தது,
இந்தப் பக்கம் ஆள் மாறியிருந்தது.
நடுவில் அந்தக் கோடு
அப்படியே.
விரலை வைத்தேன். ஈரமில்லை,
வேர்வைதான்.

கிரீன் சர்க்கிளில் நெரிசல்.
ஏழுமலை போன் போட்டார்.
"கெடச்சிச்சா? சரி,
வரும்போது முள்ளுக்கத்திரிக்கா வாங்கினு வா."
அரைக் கிலோவா, ஒரு கிலோவா என்று கேட்டேன்.