ஆக்டோபஸின் வாய் வழியாக

ஒன்பது மணிப் படகில் மூன்று அதிகாரிகள்.
ஒருவர் கையில் வரைபடம்,
ஒருவர் மடியில் ட்ரோன் பெட்டி,
ஒகிதா என்ற இளையவர் கையில்
குமட்டலுக்கு ஒரு காகிதப் பை.
தோமோசே தீவுக்கு இருபத்திரண்டு நிமிடம்.
சுக்கான் என்னிடம்.

"அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது
இன்னும் இருக்கிறார்களா?" என்கிறார் வரைபடக்காரர்.
இஞ்சின் சத்தத்தில் காதில் விழாத மாதிரி
சிப்பிப் பண்ணை மிதவைகளை எண்ணிக்கொண்டு வருகிறேன்.

பத்தொன்பது வயதில் நான் ஆக்டோபஸாக இருந்தேன்.
எட்டுக் கைகளில் இரண்டுதான் என்னுடையவை,
மிச்சம் ஆறில் பஞ்சு.
பேசக் கூடாது, இது முதல் விதி.
தலையைக் கழற்றக் கூடாது, இது இரண்டாவது.
மூன்றாவது ஒன்று இருந்தது, மறந்துவிட்டது.
வாய் வழியாகத்தான் பார்க்க வேண்டும்.
உலகம் அந்த அளவுக்குத்தான் தெரிந்தது:
ஐஸ்கிரீம் வழியும் மணிக்கட்டு,
அவிழ்ந்த ஷூ நாடா,
பலூன் போய்விட்ட நூல்.

ஒரே ஆகஸ்டில் பதினோரு முறை மயங்கி விழுந்தேன்.
ஒவ்வொரு முறையும் கைதட்டினார்கள்.

ஒசாகாவில் ஏதோ வங்கி விழுந்தது என்றார்கள்.
கடைசி நாள் மழை. நாற்பது பேர்கூட வரவில்லை.
ராட்டினத்தை நிறுத்திய ஹிகாகி
பழக்கதோஷத்தில் "நாளைக்கு எண்ணெய் விடணும்" என்றார்.
அந்த நாளைக்கு இப்போது இருபத்தெட்டு வயது.

படகுத்துறைப் பலகைகளில் பாதி இல்லை.
டிக்கெட் கவுண்டரின் தரையைப் பிளந்து மூங்கில்
கூரை வழியே வெளியேறியிருக்கிறது, காசு கொடுக்காமல்.
ராட்டினத்தில் ஏழாவது பெட்டிவரை கொடி.
மரக்கட்டைப் படகுச் சறுக்கின் தொட்டியில்
தாய்ப்பன்றி ஒன்று நான்கு குட்டிகளோடு நீர் குடிக்கிறது.
பெருநிலத்திலிருந்து நீந்தி வந்த வம்சம்.
ட்ரோன் எழுந்ததும்
குட்டிகள் மட்டும் அண்ணாந்து பார்த்தன.

வரைபடக்காரர் காற்றில் விரலால் கட்டுகிறார்:
கார் நிறுத்துமிடத்தில் சூரியத் தகடுகள்,
இல்லையென்றால் மேட்டில் விடுதி,
அறைக்கு அறை தனித்தனி வெந்நீர்க் குளம்,
அதுவும் இல்லையென்றால்
(குரல் இங்கே கொஞ்சம் இறங்குகிறது)
ஆலைச் சாம்பல் புதைக்கத் தோதான பள்ளம்.

போன வாரம் எங்கள் தீவின் பள்ளிக்கூட அரங்கில்
இதைத்தான் படம் போட்டுக் காட்டினார்கள்.
ஓட்டுரிமை உள்ளவர்கள் ஒன்பது பேர்.
ஃபுகியே மட்டும் எழுந்து கேட்டாள்:
"சாம்பலைப் போட்டால் எங்கள் சிப்பியை
உங்கள் அமைச்சர் தின்பாரா?"
பிறகு யாரோ படகுத்துறைக் கழிவறைக்கு
எப்போது கதவு வரும் என்றார்.
கூட்டம் அதோடு கலைந்தது.
பன்றிகளை யாரும் கூப்பிடவில்லை.

கிடங்குக்குள்ளிருந்து ஒகிதா கத்துகிறார்.
தலை கிடைத்துவிட்டது.
நிறம் போய், ஒரு கண் போய்,
ஆனாலும் அதே இளிப்பு.
மாட்டிக்கொண்டு படம் எடுக்கச் சொல்கிறார்.
பிறகு உள்ளே அமைதியாகிவிட்டார்.
வாய்க்குள் அவருடைய கண்கள்
கொஞ்ச நேரம் என் செருப்பைப் பார்த்தன.

"உள்ளே பேனாவால் கோடு கோடாக இருக்கிறது,"
என்றார் தலையின் குரலில்.
"பதினொன்று. என்ன கணக்கு இது?"

விதியை மீறினேன்.
"கைதட்டல்," என்றேன்.

வரைபடக்காரர் திரும்பிப் பார்த்தார்.
எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

அந்தத் துறையிலிருந்து கிளம்ப
படகை முதலில் பின்னோக்கி எடுக்க வேண்டும்.
கியரை மாற்றிய கை அப்படியே நின்றது.
மூன்றாவது விதி:
பின்னோக்கி நடக்காதே,
பின்னால் குழந்தை நிற்கும்.

கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்த்தேன்.
தண்ணீர்தான்.
இருந்தாலும் இன்னொரு முறை பார்த்துவிட்டு
மெதுவாக எடுத்தேன்.